எல்லோருக்கும் கேட்ட சத்தம்

"கேட்டதா?" என்றார் மாத்தூர் சார்.

"யெஸ் சார்" என்றான் வரிசையில் முதலில் நின்றவன்.

"யெஸ் சார்" என்றான் அடுத்தவன். அவன் ஸ்டெதஸ்கோப்பை நோயாளியின் மார்பில் வைத்ததையும் பார்த்தேன், எடுத்ததையும் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு தும்மலுக்குக்கூட நேரம் இருந்திருக்காது.

மூன்றாவதாக வசந்தா. அவள் கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்து, கச்சேரி கேட்பவர்களைப் போல ஒரு பாவனை செய்தாள். "யெஸ் சார், வெரி கிளியர்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் என் முறை வந்துவிட்டது.

டெல்லிக் குளிர்காலத்தின் தொடக்கம். பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். பினாயில் வாசனையோடு யாரோ உரித்துப் போட்ட ஆரஞ்சுத் தோலின் வாசனையும் கலந்திருந்தது. எழுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். நாங்கள் புத்தகத்தை விட்டு வார்டுக்குள் காலெடுத்து வைத்த புதிது. வெள்ளைக் கோட்டுக்குள் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்குள் நடுக்கம். மாத்தூர் சார் எங்கள் பேராசிரியர். குள்ளமான மனிதர், ஓட்டமும் நடையுமாகத்தான் வார்டைச் சுற்றுவார்.

கட்டிலில் இருந்தவள் பெயர் ஓம்வதி. சோனிபத் பக்கத்தில் ஒரு கிராமம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருந்திருப்பாள். எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவதற்குள் மூச்சு வாங்குகிறது என்று வந்து சேர்ந்தவள். சின்ன வயதில் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்திருக்கிறது. அந்தக் காய்ச்சல் போகிற போக்கில் இதயத்தின் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. சுருங்கிப்போன வழியில் ரத்தம் நெருக்கியடித்துப் போகும்போது உறுமல் போல ஒரு தாழ்ந்த சத்தம் வரும். 'மர்மர்' என்போம். அதைத்தான் சார் கேட்கச் சொன்னார்.

நான் குனிந்தேன், வைத்தேன், கேட்டேன். டக் டக், டக் டக். என் இதயத்தை எனக்கே வைத்துப் பார்த்தால் கேட்கிற அதே டக் டக். வேறு எதுவும் இல்லை.

"கேட்டதா?"

"இல்லை சார்."

சார் என்னை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மறுபடி கேள்."

மறுபடி கேட்டேன். "இல்லை சார்."

"பொறுமை, கோமதி, பொறுமை" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பொறுமை என்ற மருந்தை அவர் எல்லோருக்கும் எழுதிக்கொடுப்பார். எத்தனை வேளை, எத்தனை நாள் என்று மட்டும் சொல்ல மாட்டார்.

காதுக்கு வந்த சந்தேகம்

இது முதல் தடவை இல்லை. தீபாவளிக்கு முன்பிருந்தே இந்தக் கதைதான். நுரையீரலில் தண்ணீர் என்றால் தட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவேன். மண்ணீரல் வீங்கியிருந்தால் விரலுக்குத் தட்டுப்படும். இந்த ஒரு சத்தம் மட்டும் எனக்கு வாய்க்கவில்லை. எல்லோருக்கும் கேட்கிறது, எனக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? காது சரியில்லாதவள் டாக்டருக்கு எப்படிப் படிப்பது?

கிட்வாய் நகரில் எங்கள் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இது ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சாகிவிட்டது. அப்பா ஒரு அமைச்சகத்தில் குமாஸ்தா. திருநெல்வேலியை விட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் பேச்சில் ஒரு எழுத்தும் மாறாதவர்.

"இன்னைக்காவது கேட்டுச்சாட்டி?"

"இல்லப்பா."

"அந்தப் பிள்ளையளுக்கெல்லாம் கேக்குன்னு சொல்லுதியே. அதுகளுக்கு எப்படிக் கேக்கு?"

"அதாம்ப்பா எனக்கும் தெரியல."

அம்மாவுக்கு அவ்வளவு தத்துவ விசாரமெல்லாம் கிடையாது. "காதுல அழுக்கு அடைச்சிருக்கும். தலையச் சாய்ச்சுப் படு, நல்லெண்ணெயக் காய்ச்சி ரெண்டு சொட்டு விடுதேன்" என்றாள். விட்டாள். மறுநாள் வகுப்பில் காதோரம் எண்ணெய் வழிந்து காலர் கறையானதுதான் மிச்சம்.

வெட்கத்தை விட்டு, எங்கள் ஆஸ்பத்திரியிலேயே காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கும் போய்ச் சேர்ந்தேன். சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஒரு கருவியை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொன்னார்கள். எறும்பு நடக்கிற மாதிரியான சத்தத்துக்கெல்லாம் விரலைத் தூக்கினேன். சோதித்த சீனியர் சிரித்துக்கொண்டே, "காது பிரமாதமாக இருக்கிறது. கோளாறு காதுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

அப்போது வீட்டில் ஒரு பழைய ரேடியோ இருந்தது. கடல் தாண்டி வரும் தமிழ் ஒலிபரப்பைப் பிடிக்க அப்பா சாயங்காலங்களில் அதன் குமிழைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கும் தம்பிக்கும் அதில் கேட்டதெல்லாம் கரகரவென்று ஒரு இரைச்சல்தான். அப்பா மட்டும் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து பாட்டு, செய்தி, விளம்பரம் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வார். நான் புசா ரோட்டுத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள் என்பதால் ஓரளவு பிடிபடும். தம்பிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், அவனுக்கு வெறும் இரைச்சல். சத்தம் எல்லார் காதிலும்தான் விழுகிறது, ஆனால் எது சத்தம் எது இரைச்சல் என்று யார் பிரித்துக்கொடுக்கிறார்கள்? அந்த வயதில் இந்தக் கேள்வி என்னைப் பாடாய்ப் படுத்தியது.

கேன்டீனில் ஒரு விசாரணை

இந்த விஷயத்தைச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை. யாருக்கு என்ன கேட்கிறது என்று ஒவ்வொருவராக விசாரித்துவிடுவது என்று முடிவு செய்தேன். டீயும் பன்னும் வாங்கிக்கொடுத்து, மெல்ல வாயைக் கிளறினேன்.

"அந்த மர்மர், எந்த மாதிரி இருக்கும்?"

முதலில் தலையாட்டியவன், யமுனைப் பாலத்தில் ரயில் போகிற மாதிரி என்றான். அடுத்தவன், ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாமல் முக்குகிற மாதிரி என்றான். இன்னொருவன் புறா என்றான். ரயிலும் ஸ்கூட்டரும் புறாவும் ஒரே பெண்ணின் நெஞ்சுக்குள்ளா? ஒருத்தி பாடப்புத்தகத்தின் வாக்கியத்தைக் கமா விடாமல் ஒப்பித்தாள்.

கடைசியில் வசந்தாவைப் பிடித்தேன். கும்பகோணத்துக் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் டெல்லி. அவள் தமிழில் ஹிந்தியும் இங்கிலீஷும் சரிக்குச் சரி.

"உண்மையச் சொல்லு. உனக்குக் கேட்டுதா?"

"கேட்டுது... ஐ திங்க் கேட்டுது" என்றாள்.

"அது என்ன ஐ திங்க்?"

"அரே யார், நீ ஏன் இப்படி நோண்டறே? சார் கேட்டுதுன்னு சொல்றார், அவருக்கு முப்பது வருஷம் எக்ஸ்பீரியன்ஸ். அப்போ அங்கே இருக்குதானே? இருக்கற ஒண்ணை இருக்குன்னு சொல்றதுல என்ன தப்பு? கேட்டுதுன்னு சொல்லிட்டு ஜல்தி வெளியில வா. பஸ், அவ்வளவுதான், மேட்டர் க்ளோஸ்."

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் எரிச்சலாகவும் இருந்தது. அந்த வரிசையில் பொய் சொன்னவர்கள் என்று ஒருவரையும் என்னால் சொல்ல முடியவில்லை. முன்னால் நின்றவனுக்குக் கேட்டது என்பதால் பின்னால் நின்றவனுக்கும் கேட்கிறது. சொல்லிச் சொல்லி, கடைசியில் தனக்கே கேட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படி நினைத்துக்கொண்டுவிட்டால், பிறகு நிஜமாகவே கேட்கிற நாளில் அதுதான் இது என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்தப் பயத்தில்தான் பிடிவாதமாக 'இல்லை சார்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மற்றபடி நான் அரிச்சந்திரன் பரம்பரை எல்லாம் இல்லை.

ஓம்வதியின் தீர்ப்பு

நான் வாயைத் திறந்து சொன்ன அந்த 'இல்லை'யை, கட்டிலில் படுத்திருந்தவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

நான் 'இல்லை சார்' என்று சொன்ன அன்று மத்தியானமே ஓம்வதி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவள் பேசியது ஹரியானா ஹிந்தி. நான் தமிழில் சொல்கிறேன். 'மதராசன்' என்றால் அவள் பேச்சில் மதராஸ்காரி.

"ஏ மதராசன், பெரிய டாக்டர்கிட்ட என்ன சொன்னே? மத்தவங்க தலைய ஆட்டினாங்க, நீ ஆட்டலையே?"

"எனக்குக் கேக்கலைன்னு சொன்னேன்."

"என்ன கேக்கல?"

"உன் நெஞ்சுல ஒரு சத்தம் இருக்கு. அது எனக்குக் கேக்கல."

"இருக்குன்னும் சொல்றே, கேக்கலைன்னும் சொல்றே" என்றாள். பிறகு என்னைப் பார்த்து நன்றாகச் சிரித்தாள். மடியில் வைத்திருந்த வேர்க்கடலையில் ஒரு பிடி எடுத்து என் கோட்டுப் பையில் போட்டாள். நான் அதைத் தின்றுகொண்டே போய்விட்டேன்.

அடுத்த வாரம் அவளுக்கு ஆபரேஷன் முடிவாயிற்று. அந்த நாளில் அதற்கு ஒரு வழி இருந்தது. விலாப்பக்கமாகத் திறந்து, இதயத்துக்குள் விரலை விட்டு, ஒட்டிப்போன வால்வைப் பிரித்துவிடுவார்கள். கேட்க நடுக்கமாக இருந்தாலும் நிறையப் பேர் அதில் எழுந்து நடந்தார்கள். செய்யாவிட்டால் ஓம்வதி இன்னொரு பிரசவத்தைத் தாங்கமாட்டாள். பிரசவமே இல்லாவிட்டாலும் ரொம்ப வருஷம் ஓட்ட முடியாது என்று சார் அவள் புருஷனிடம் சொல்லியிருந்தார்.

அவள் முடியாது என்றாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த மதராசன் டாக்டர் கேட்டுப் பார்த்துச் சத்தமே இல்லைன்னு சொல்லிட்டா. மாத்திரை தின்னதுல சரியாப் போச்சு. சனிக்கிழமை என் வீட்டுக்காரர் வருவார், நான் கிளம்பறேன்."

சிஸ்டர் சொல்லிப் பார்த்தார், புருஷன் சொல்லிப் பார்த்தான், மாத்தூர் சாரே கட்டிலில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தார். எல்லோருக்கும் ஒரே பதில்தான். "நீங்க எல்லாம் ஒருத்தர் சொன்னதையே திருப்பிச் சொல்றீங்க. அவ ஒருத்திதான் தன் காதால கேட்டுச் சொன்னவ. அவ வந்து இருக்குன்னு சொல்லட்டும், வெட்டிக்கறேன்."

சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று பயந்துகொண்டு போனேன். அவர் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"போய்க் கேட்டது என்று சொல்லிவிட்டு வா. சத்தம் அங்கே இருக்கிறது, கோமதி. நீ பொய் சொல்லப் போவதில்லை."

"சார், அவள் என் முகத்தைப் பார்ப்பாள்."

"பார்க்கட்டும்."

"என் முகத்துக்கு நடிக்க வராது சார்."

அவர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். "அப்படியானால் கேட்டுவிட்டு வா. சனிக்கிழமைக்குள்."

வராண்டாவில் காத்திருந்த வசந்தா, விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். "பாகல் ஹை கியா? பைத்தியமா உனக்கு? ஒரு வார்த்தை சொன்னா ஒரு உசிரு பொழைக்கும். உன்னோட பிரின்சிபிளுக்கு இதான் நேரமா?"

அவள் கேட்டது சரிதான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் கேட்கவில்லை என்று சொன்னது என் காதைப் பற்றி. ஓம்வதி எடுத்துக்கொண்டதோ தன் இதயத்தைப் பற்றி. இனி ஓம்வதி பிழைப்பது என் காதில் வந்து நிற்கிறது. போய் உட்கார்ந்து பார்ப்பது, கேட்காவிட்டால் முகத்தை எப்படியோ வைத்துக்கொண்டு பொய்யே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முன்பு ஒரு நோயாளியைப் பற்றி எழுதி, என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டதற்கு நீங்கள் எழுதிய கடிதங்களில் பத்திரிகை ஆசிரியர் திணறிப்போனார். அதனால் இப்போதே: ஓம்வதி பிழைத்தாள். தை மாத வெயிலில் தன் காலால் நடந்து வார்டைவிட்டுப் போனாள். நான் சொல்ல வந்தது சார் கெடு வைத்த சனிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானத்தைத்தான்.

வெள்ளிக்கிழமை

சாப்பாட்டு வண்டி கடகடத்துப் போய் ஓய்ந்தபிறகு போனேன். வெயில் ஜன்னல் வழியாக அவள் கட்டிலில் விழுந்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரி வராண்டா வெயிலில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். ஓம்வதி துணிமூட்டையைக் கட்டிக் கால்மாட்டில் வைத்திருந்தாள்.

"வந்துட்டியா? உன்னை அனுப்புவாங்கன்னு தெரியும்" என்றாள்.

"மறுபடியும் ஒரு தடவை கேக்கறேன். வராண்டாவுல கொஞ்சம் நடந்துட்டு வா."

நடந்தால் ரத்தம் வேகம் பிடிக்கும், சத்தம் கூடும். நடந்துவிட்டு மூச்சு வாங்க வந்தாள். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னேன். ஸ்டெதஸ்கோப்பின் கிண்ணம் போன்ற பக்கத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, மார்புக்குக் கீழே வைத்தேன்.

டக் டக். டக் டக்.

கண்ணை மூடினேன். டக் டக். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அழுத்த அழுத்த அந்த டக் டக் மட்டும் பலமாகிக்கொண்டே வந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, கழுத்து வலித்தது.

"ஆராம் ஸே, மெதுவா, மதராசன்" என்றாள் ஓம்வதி. "வலிக்குது. நீங்க எல்லாரும் குத்திக் குத்தியே அந்த இடம் கன்னிப்போச்சு."

பதறிப்போய்க் கையை எடுத்தேன். அவள் தோலில் வட்டமாக, சிவப்பாக ஒரு அச்சு விழுந்திருந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இந்தத் தடவை அவளுக்கு வலிக்கக்கூடாது என்ற ஒரே நினைப்போடு, பட்டும் படாமலும் வைத்தேன்.

டக் டக். அப்புறம் ஏதோ ஒன்று.

மூச்சை நிறுத்தினேன். இரண்டு துடிப்புக்கு நடுவே, பக்கத்து அறையில் யாரோ தரையில் பாயை இழுப்பது போல மெதுவாக, தாழ்வாக ஒரு சத்தம். ஒவ்வொரு துடிப்புக்கும் அது வந்தது. கையை அழுத்திப் பார்த்தேன்; போய்விட்டது. தளர்த்தினேன், வந்துவிட்டது. மறுபடி அழுத்தினேன், மறுபடி தளர்த்தினேன். அழுத்தினால் தோல் இறுகி, அந்தத் தாழ்ந்த சத்தத்தை உள்ளேயே நிறுத்திவிடுகிறது. பாடப்புத்தகத்தில் இது ஒரு வரியாக இருக்கிறது. நானே சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். ஆனால் கேட்காதபோது கை தன்னால் அழுத்துகிறது. கேட்டே ஆகவேண்டும் என்கிற வெறியில் இத்தனை மாதமாக நானே அந்தச் சத்தத்தின் வாயைப் பொத்திக்கொண்டிருந்திருக்கிறேன்!

ரயில் இல்லை, ஸ்கூட்டர் இல்லை, புறாவும் இல்லை. யாரும் எனக்குச் சொல்லித்தராத, என் காதுக்கே வந்து சேர்ந்த சத்தம். என்னை அறியாமல் வாய் கொள்ளாமல் சிரித்தேன். அப்படி ஒரு சந்தோஷம் பரீட்சையில் தேறிய நாளில்கூட எனக்கு வந்ததில்லை.

நிமிர்ந்தபோது ஓம்வதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்குதா?" என்றாள்.

சிரிப்பை எங்கே கொண்டு ஒளிப்பது என்று தெரியவில்லை. "இருக்கு" என்றேன்.

"அச்சா" என்றாள். தலையில் போட்டிருந்த துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். துணிக்குள் தோள் குலுங்கியது.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. மாதக்கணக்கில் நான் எந்தச் சத்தத்துக்காகத் தவம் கிடந்தேனோ, அது இருக்கவே கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் துணியை விலக்கினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையை நீட்டினாள். "குடு. நானும் கேக்கறேன்."

அவள் காதில் மாட்டிவிட்டேன். ஒருக்களித்துப் படுத்தவளின் மார்பில் கிண்ணத்தை அழுத்தாமல் பிடித்துக்கொண்டேன். அவள் கண்ணை மூடவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி வெகுநேரம் கேட்டாள். வராண்டாவில் யாரோ யாரையோ டீக்குக் கூப்பிட்டார்கள்.

"தக் தக்னு கேக்குது. வேற ஒண்ணும் கேக்கலையே" என்றாள்.

"எனக்கும் அப்படித்தான் இருந்துது."

"எத்தனை நாளா?"

"தீபாவளிக்கு முன்னாலேருந்து."

துணிமூட்டையைக் காலால் கட்டில் ஓரத்துக்குத் தள்ளினாள்.

"உனக்கே அத்தனை நாள் ஆச்சு. எனக்கு அவ்வளவு நாள் கிடையாது, மதராசன். நீ கேட்டுட்டேல்ல? அது போதும். போய்ச் சொல்லு, வெட்டட்டும்."

மாத்தூர் சாரைத் தேடி வராண்டாவில் ஓடினேன். ஸ்டெதஸ்கோப் அவள் காதிலேயே இருந்தது.